கீழே இருப்பவருக்கு வழி

வெளியே முப்பத்திரண்டு பாகை.
நான்காம் மாடியில்
துணைப்பாட நிலையத்துக்கும் நகம் தீட்டும் கடைக்கும் நடுவே
ஒரு மலை.
மலை என்றால் கம்பளம்.
கீழிருந்து மேலே ஓயாமல் உருளும் வெள்ளைக் கம்பளம்.
அதன்மேல் நான் கீழ்நோக்கிச் சறுக்க வேண்டும்.
ஒழுங்காகச் சறுக்கினால்
நின்ற இடத்திலேயே இருப்பேன்.
இதற்கு மணிக்கணக்கில் காசு.

டிப்போவில் மூன்று பேர் சேர்ந்து
டிசம்பருக்கு ஹொக்கைடோ போகச் சீட்டு வாங்கிவிட்டோம்.
"காலை உடைத்துக்கொண்டு வந்தால்
உன் வண்டியை எவர் ஓட்டுவார்?" என்றாள் சியூ லிங்.
அதனால் வந்தேன்.

காலணி என்று எதையோ மாட்டினார்கள்.
நாலு கொக்கி.
கணுக்காலைக் கைது செய்ததுபோல் இருந்தது.
பயிற்றுநர் ஹைகலுக்கு இருபத்து மூன்று இருக்கும்.
"முதலில் விழக் கற்றுக்கொள்ளுங்கள், கக் தமயந்தி.
பக்கவாட்டில், இடுப்பில். கையை ஊன்றாதீர்கள்.
மணிக்கட்டு பாவம்."
பதினொரு முறை விழுந்தேன்.
யானைக்கும் அடி சறுக்கும், சரி.
யானையின் பாதம் இவ்வளவு நீளமில்லை.

அப்புறம் நிற்பது.
வலக்கால் பிரேக்கைத் தேடியது.
பத்தொன்பது வருடப் பழக்கம்.
இரட்டைமாடி வண்டியை, நூறு பேரோடு, மழையில்,
எவர் பையிலும் முட்டை உடையாமல் நிறுத்தும் கால்
அறுபத்தெட்டு கிலோவை நிறுத்தத் தெரியாமல்
காற்றை மிதித்தது.

நுனிகளைச் சேர். குதிகால்களை அகற்று.
பிள்ளைகளிடம் பீட்சாத் துண்டு என்பானாம்.
எனக்கு அது ஆப்பு.
எத்தனையோ பேர் எனக்கு வைத்திருக்கிறார்கள்.
எனக்கு நானே வைத்துக்கொண்டு
பத்திரமாக நின்றது இதுவே முதல் தடவை.

பயந்தால் உடம்பு பின்னால் சாய்கிறது.
பின்னால் சாய்ந்தால் பலகை முந்திக்கொண்டு ஓடுகிறது.
பள்ளத்தைப் பார்த்துத்தான் சாய வேண்டுமாம்.
இடப்பக்கம் திரும்ப
வலக்காலை நம்ப வேண்டுமாம்.
வண்டியில் எனக்கு ஆறு கண்ணாடிகள், எல்லாம் பின்னால் பார்க்க.
இங்கே ஒன்றுதான், நேர் எதிரே,
அதில் தலைக்கவசம் போட்ட ஒரு பெண்
பல்லைக் கடித்துக்கொண்டு என்னை நோக்கி வருகிறாள்.
வந்து சேரவே மாட்டேன் என்கிறாள்.

தண்ணீர் குடிக்கும்போது ஹைகல் சொன்னான்:
"மலையில் ஒரு சட்டம், கக்.
கீழே இருப்பவருக்குத்தான் வழி.
அவருக்கு முதுகில் கண் இல்லை.
மேலிருந்து வருகிறவர்தான் பார்த்து வர வேண்டும்."

அப்பர் சிராங்கூன் சாலை, போன நவம்பருக்கு முந்தைய நவம்பர்.
முதுகில் சதுரப் பையோடு ஒரு சைக்கிள்
மழைக்குள்ளிருந்து என் முன்னால் நுழைந்தது.
ஒரு முழம்.
அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
யாருக்கோ சோறு ஆறிவிடும் என்று போய்விட்டான்.
மேல்மாடியிலிருந்து ஒரு வசவு மட்டும்
படியிறங்கி வந்தது.
அன்று இரவு முழுக்க என் வலக்கால்
மெத்தையை மிதித்துக்கொண்டே கிடந்தது.

"தெரியும்" என்றேன் ஹைகலிடம்.

வேகத்தைக் கூட்டினான்.
வலக்காலில் எடை. இடம்.
இடக்காலில் எடை. வலம்.
ஏழெட்டு விநாடி என்னை யாரோ ஓட்டினார்கள், நன்றாகவே.
பிறகு நுனிமேல் நுனி ஏறி, இடுப்பில் விழுந்தேன்.
கை ஊன்றவில்லை.
அவன் சிவப்புப் பொத்தானை அமுக்க
மலை நின்றது.
"அங்கே இந்தப் பொத்தான் இருக்காதே?"
"இருக்காது."
"நீ பனியைப் பார்த்திருக்கிறாயா?"
"இரண்டு முறை" என்றான். "இரண்டு முறையும் இடுப்பில்தான்."

மறுநாள் காலை ஐந்தரை.
என் இடுப்பில் ஊதா நிறத்தில் ஒரு தீவு,
ஏறக்குறைய இந்த ஊரின் வரைபடம்.
தெலுக் பிளாங்கா இறக்கத்தில்
முன்னால் ஒரு சைக்கிள், சிமிட்டும் சின்னச் சிவப்பு விளக்கு.
கால் பிரேக்கில்தான் இருந்தது.
ஆனாலும் காலணிக்குள் குதிகால் இரண்டும்
தாமாக அகன்றன.
பின்னாலேயே போனேன்.
யாரோ மணி அடித்தார்கள்.